எச்சில் முட்டை வராத நாட்கள்

முதலில் தொண்டையில் நின்றது ஒரு பிஸ்கட்தான்.

ஒரு நாள் காலையில் கோப்பியில் நனைக்காமல் கிரீம் கிரேக்கர் ஒன்றைக் கடித்தேன். மென்றேன். மாவாக ஆனது. மாவாகவே இருந்தது. கன்னத்திலும் மேலண்ணத்திலும் சுவரில் சுண்ணாம்பு பூசியது போல ஒட்டிக்கொண்டது. விழுங்கப் பார்த்தேன், இறங்கவில்லை. கடைசியில் விரலை விட்டு வழித்து எடுத்தேன். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. பல் இருந்தது, பசியும் இருந்தது. பிஸ்கட்தான் பழசு என்று நினைத்து வேறு டின் வாங்கினேன்.

இப்போது எழுபத்திரண்டு. வாய் காய்ந்து, கண் காய்ந்து, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவரின் சாவு வீட்டில் நான் அழவில்லை என்று சொன்னவர்கள் படித்தாலும் நல்லதுதான். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. எழுதும்போது யாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். அதனால் எழுத வருகிறது.

எச்சிலைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் அப்படி முகம் சுளித்துத்தான் நாலைந்து வருடத்தை வீணாக்கினேன்.

நான் பிறந்தது மலேசியாவில், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளியில் எழுந்து நின்று ஒரு வரி ஒப்பிக்கச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கும் வராத ஒன்று எனக்கு வரும். எச்சில் முட்டை. எச்சிலை நாக்குக்கு அடியில் திரட்டி, நாக்கு நுனியை மெல்ல மடித்து எடுத்தால், கண்ணாடி போல ஒரு சின்னக் குமிழி அங்கே வந்து உட்காரும். மூச்சை மட்டும் விட்டால் போதும், அது கழன்று காற்றில் போகும். ஒரு முழ தூரம் போய் உடையும். மற்றப் பிள்ளைகளுக்கு உதட்டிலேயே உடைந்துவிடும். வாத்தியார் இதற்காக என் கையில் பிரம்பால் அடித்திருக்கிறார்.

பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன். தோட்டத்துப் பால் லோரி ஓட்டியவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் ஆன புதிதில் ஏதோ ஒரு சண்டை. என்ன சண்டை என்று நினைவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால் வந்து நின்று, "கோவமா புள்ள?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி ஒரு முட்டை விட்டேன். அது அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும் போய் உடைந்தது. அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான். அவர் "கோவமா?" என்பார். முட்டை வந்தால் கோபம் இல்லை. எங்கள் மகள் ரேவதிக்குக்கூட இது தெரியாது. வெளியில் சொல்கிற விஷயமா இது?

பிஸ்கட்டுக்குப் பிறகு கண் வந்தது. மணல் விழுந்தது போல உறுத்தல். பிறகு காது ஓரம் இரண்டு பக்கமும் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். மஞ்சள் அரைத்துப் பூசினேன். வீக்கம் தானாக வடிந்தது, தானாக மறுபடியும் வந்தது.

கிளினிக் போனேன். என் முறை வந்ததும் டாக்டரிடம், "மூலுட் கெரிங்" என்றேன். வாய் காய்கிறது என்று அர்த்தம். எனக்கு மலாய் நன்றாகப் புரியும். பேசத்தான் கூச்சம். அந்த இரண்டு வார்த்தையை வீட்டில் இருந்தே சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. "மினும் ஆயெர் பாஞாக்" என்று அனுப்பிவிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

அடுத்த முறை வேறு டாக்டர். வயதானால் அப்படித்தான் என்றார். அதற்கடுத்த முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வாய்க்கு அதே தண்ணீர். மூன்று வருடம் நான் தண்ணீர் குடித்தேன். குடித்த நிமிடம் நனையும், அடுத்த நிமிடம் காயும். சிறுநீர் கழிக்க ஓடியதுதான் மிச்சம். ஒருவராவது வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடிக்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் அவர்கள் மேல் வருகிற கோபம் பாதி, என் மேல் வருகிற கோபம் பாதி.

எனக்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். அசாம்போய். சீனர் கடையில் சின்னப் பொட்டலமாக விற்கும், உப்பும் புளிப்பும் ஏற்றிக் காயவைத்த பழம். அதை நினைத்தாலே வாய் ஊறும் என்பார்கள். ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் வாயில் ஏதோ ஈரம் இருப்பது போல இருக்கும். பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆனது. முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்ளாமல் வெளியே போக மாட்டேன்.

பற்கள் ஈறு ஓரமாகக் கறுத்து உடைய ஆரம்பித்தன. பல் கிளினிக்கில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். அங்கிருந்தவர் ஒவ்வொரு முறையும், "இனிப்பு திங்காதீங்கன்னு சொன்னேன்ல, இந்த வயசுல என்னா மிட்டாய் ஆசை?" என்று திட்டுவார். நான் இனிப்பே தொடுவதில்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு அறுபத்தொன்பது வயதானபோது என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் இருந்தது. பத்து மாதம் நடு வீட்டில் கட்டில் போட்டு நான்தான் பார்த்தேன். துடைத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன், கஞ்சி ஊட்டினேன். அவருக்கு வாய் ஓரம் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பேன். எனக்கு இல்லாதது அவருக்கு வீணாகப் போகிறதே என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம். அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியில் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் இடது கையால் என் மணிக்கட்டைத் தொட்டார்.

"கோவமா புள்ள?"

நான் நாக்கை மடித்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் திரட்டிப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, சப்பென்று பிய்த்துக்கொண்டு வந்தது. உதட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை மட்டும் வந்தது. முட்டை வரவில்லை. "இல்லங்க, கோவம் இல்ல" என்று வாயால் சொன்னேன். நாற்பது வருடமாக அதை நான் வாயால் சொன்னதே இல்லை. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டார். எனக்கு வரவில்லை. அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எல்லாம் உடைந்துபோயிருந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. கண் நெருப்பாக எரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் கண்ணீர் என் தோளை நனைத்தது. தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சே நின்றுவிடும் போல இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் அசாம்போயை வாயில் போட்டுக்கொண்டேன். பழக்கத்தில் கை தானாகப் போனது.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பாலிங்கில் இருந்து வந்திருந்தார். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"வாயில என்னாடி?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"துப்பு. துப்புடி!"

உள்ளங்கையில் துப்பினேன்.

"பாருங்க எல்லாரும். என் தம்பி பொணமா கெடக்குறான், இவ மிட்டாய் சப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கா. ஒரு சொட்டு தண்ணி வந்துச்சா இவ கண்ணுல? காஞ்சி கெடக்கு!"

"விடுங்க லா அக்கா, அவங்க அதிர்ச்சியில இருக்காங்க" என்றார் யாரோ.

"என்னா அதிர்ச்சி? அதிர்ச்சிக்கு அசாம்போய் கேக்குமா?"

ரேவதி பெட்டியின் அந்தப் பக்கம் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் இருந்ததைத்தான் பார்த்தாள்.

வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். போட்டேன். அரிசி அவர் வாயில் இறங்காமல் அப்படியே கிடந்தது. என் வாயும் இப்படித்தான் இருக்கிறது, ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தேன். யாரிடமாவது சொல்லியிருந்தால் அதையும் தப்பாகத்தான் எடுத்திருப்பார்கள்.

ரேவதி சுங்கைப்பட்டாணியில் பேக்டரியில் சூப்பர்வைசர். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாலை வரை இருப்பாள். அப்பா போன பிறகு மளிகைச் சாமான்களைச் சமையல்கட்டில் வைப்பாள், "சாப்ட்டியாமா" என்பாள், கிளம்பிவிடுவாள். ஒரு நாள் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மா, அப்பா மேல ஒனக்கு அப்படி என்னாமா கோவம்?"

"கோவம் எல்லாம் இல்லடி. எனக்கு வாய் காயுது. கண்ணு காயுது."

"எதக் கேட்டாலும் வாய் காயுது, வாய் காயுது. வேற ஒண்ணும் தெரியாதா ஒனக்கு?"

போய்விட்டாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் அவருக்காக அழுதேன் என்று என் மகள் நம்ப வேண்டும். அதைக் காட்ட என்னிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவர் போய் ஆறு மாதம் கழித்து இன்னொரு பல் உடைந்தது. பல் கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார், நம் தமிழ்ப் பெண். சின்ன வயது. கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடியை என் கன்னத்துக்குள் விட்டார். வெளியே எடுக்கப் போனபோது அது வரவில்லை. கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரம் இல்லாத தோலில் பிளாஸ்டர் ஒட்டுவது போல.

அவர் இழுக்கவில்லை. அப்படியே நிறுத்தினார். தண்ணீர் தெளித்து மெல்லக் கழற்றினார்.

"அம்மா, எத்தன வருஷமா இப்படி?"

"எப்படி?"

"வாய் இப்படி காஞ்சி."

நாலு வருடம் என்றேன். நாக்கைத் தூக்கச் சொன்னார். "இங்க எப்பவும் கொஞ்சம் எச்சில் தேங்கி நிக்கணும். குளம் மாதிரி. ஒங்களுக்குத் தரைதான் தெரியுது" என்றார்.

இதற்கு முன் என் பல்லைப் பிடுங்கியவர்கள் கையிலும் அந்தக் கண்ணாடி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒட்டியிருக்கும். இழுத்து எடுத்துவிட்டு மிட்டாயைப் பற்றிப் பேசினார்கள். 

அந்தப் பெண் மேல் எனக்கு ஏன் அப்படி ஒரு நம்பிக்கை வந்தது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"முட்ட வர மாட்டேங்குது டாக்டர்."

"என்னா முட்ட?"

எச்சில் முட்டை என்று சொல்லிக் கையால் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். நாக்கை மடித்து ஒன்று விட்டார். அது பறக்கவில்லை, உதட்டிலேயே உடைந்தது.

"ஸ்கூல்ல நல்லா வுடுவேன் மா. பழக்கம் போச்சு."

"மூச்ச அமுக்காதீங்க. சும்மா வுடணும்" என்றேன். கிளினிக்கில் நான் ஒருவருக்குப் புத்தி சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எச்சில் என்பது (மருத்துவத்தில் உமிழ்நீர் என்கிறார்கள்) வெறும் தண்ணீர் இல்லை. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று பெரிய சுரப்பிகள் (நீர் ஊறவைக்கும் பைகள்) இருக்கின்றன. உதட்டின் உள்பக்கம் முழுக்கக் கடுகு போல நூற்றுக்கணக்கில் சின்னவை இருக்கின்றன. சில தண்ணீர் போல ஊற்றும், மெல்லும்போது வருவது அது. சில வழவழப்பாகச் சுரக்கும், பேசாமல் இருக்கும்போதும் வாயை நனைத்து வைப்பது அது. அந்த வழவழப்புக்கு மியூசின் (சளி போல இழுபடும் சத்து) என்று பெயர்.

வெறும் தண்ணீரை வாயில் வைத்து முட்டை விட்டுப் பாருங்கள், வராது. தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொள்ளுமாம். மெல்லிய தோலாக விரிய விடாது. எச்சிலில் இருக்கும் அந்த வழவழப்புதான் இழுப்பைத் தளர்த்தித் தோலை விரிய விடுகிறது, சட்டென்று கிழியாமல் தாங்கவும் செய்கிறது. ஆனால் வழவழப்பு மட்டும் இருந்தாலும் போதாது. தோல் விரியத் தண்ணீரும் வேண்டும். என் வாயில் தண்ணீர் வற்றிப்போய்ப் பசை மட்டும் மிச்சம். அதனால்தான் நூல் நூலாக இழுக்கிறது, நுரை வருகிறது, முட்டை வருவதில்லை.

இது எனக்கு உடனே புரிந்தது. பால் மரம் வெட்டினவர்களுக்கு எல்லாம் புரியும். மழைத் தண்ணீர் கலந்த பாலில் ஏடு பிடிக்காது. உறைந்துபோன கட்டிப்பாலை எவ்வளவு இழுத்தாலும் விரியாது, அறுந்துதான் வரும். மங்கில் (மரத்தில் பால் ஏந்தும் கிண்ணம்) இருக்கும் நல்ல பால்தான் விரலில் தோலாக எழும். நாற்பது வருடம் மரத்துக்குப் பால் சரியாக வருகிறதா என்று பார்த்தவள் நான். என் வாய்க்குப் பார்க்கத் தெரியவில்லை.

அசாம்போயைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ அம்மா. புளிப்பு பட்டா எச்சில் ஊறும், அது உண்மதான். அந்த எச்சிலே புளிப்பக் கழுவிடும். ஒங்களுக்குப் புளிப்பு மட்டும்தான் வருது, கழுவ ஆள் வரல. ஒங்க பல்ல நீங்களே ஊறப் போட்டிருக்கீங்க."

திட்டுத்தான். ஆனால் இந்தத் திட்டில் ஒரு காரணம் இருந்தது. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: வாய் காய்ந்தவர்கள் அசாம்போய், புளி, எலுமிச்சை எதையும் அடக்கிவைக்காதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். துணைக்கு ஆள் வர வேண்டும் என்று அதில் இருந்தது. ரேவதி லீவு போட்டு வந்தாள். காரில் வானொலியைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

அங்கே இருந்தது ஒரு மலாய்க்கார டாக்டர் அம்மா. நிதானமாகப் பேசினார். என்னிடம் கேட்பதை ரேவதியைத் தமிழில் சொல்லச் சொன்னார். மூட்டு வலி உண்டா, சோறு இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். ரேவதி சொல்லவில்லை. டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தேன். அவள் வாயில் இருந்துதான் வர வேண்டும்.

"மா… டாக்டர் கேக்குறாங்க. அழுதா கண்ணுல தண்ணி வருமான்னு."

"நீதான் பாத்தியே. நீயே சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தாக் அடா" என்றாள். இல்லை என்று.

பிறகு சோதனை. ஒரு சின்னத் தாள் துண்டை, பஸ் டிக்கெட்டைவிட மெல்லியது, கீழ் இமைக்குள் மடித்துத் தொங்கவிட்டார்கள். இரண்டு கண்ணிலும். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். கண்ணில் நீர் இருந்தால் தாள் நனைந்துகொண்டே இறங்கும். உறுத்தியது, எரிந்தது. எடுத்துப் பார்த்தபோது தாளின் நுனி மட்டும் ஈரம். மிச்சம் எல்லாம் கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

டாக்டர் அதை ரேவதியிடம் காட்டி விளக்கினார். எவ்வளவு துக்கம் இருந்தாலும் இந்தக் கண்ணில் இருந்து வராது என்றார். ரேவதி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் கண்ணீருக்கு நாலு தாள் போதாது.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு விரல் நீளத் தாள் சொன்னதை உடனே நம்பினாள். பெற்றவள் எட்டு மாதமாகச் சொன்னதை நம்பவில்லை.

கார் நிறுத்துமிடத்தில், "மா, சாரிமா. நீ இன்னும் வெளக்கமா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"வாய் காயுதுன்னா அதுக்கு என்னாடி வெளக்கம்?" என்றேன். வழி முழுக்க அவள் வானொலியைப் போடவில்லை.

கீழுதட்டின் உள்ளே மரத்துப்போக ஊசி போட்டு, கடுகு அளவில் சில சுரப்பிகளை எடுத்தார்கள். பயாப்சி (சதையில் துணுக்கு எடுத்து ஆராய்வது) என்று பெயர். ஒரு வாரம் உதடு வலித்தது. வந்த முடிவு ஷோகிரன் நோய் (உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி அழிப்பது). தொற்று நோய் இல்லை. நாம் செய்த பாவமும் இல்லை. பெண்களுக்குத்தான் கூடுதலாக வருமாம். முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை. காதோர வீக்கம் கட்டியாகத் தங்கிவிட்டால் உடனே காட்ட வேண்டும் என்றார்கள்.

என் சுரப்பிகள் எல்லாம் சாகவில்லையாம். மிச்சம் இருப்பதைத் தட்டி எழுப்ப பைலோகார்பின் (சுரப்பிகளைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை) கொடுத்தார்கள். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். ஆஸ்துமா, கண் நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் கேட்காது. எனக்குக் கொஞ்சம் கேட்டது. முதல் நாள் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் நாக்குக்கு அடியில் ஏதோ சில்லென்று கசிந்தது. இரத்தமோ என்று பயந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். எச்சில்.

அவருடைய முதல் வருடத் திதிக்கு நாத்தனார் வந்தார். படையல் போட்டு முடித்து, பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தோம். ரேவதி என் நோயைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் காதில் விழுந்தது.

"சீக்குன்னா மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்களுக்கு என்னா தெரியும்?"

என் வாழ்க்கையில் நான் அவரை எதிர்த்துப் பேசியது இல்லை. அன்று பேசினேன். சத்தம் எழும்பவில்லை, ஆனால் பேசினேன்.

"என் தாடையப் புடிச்சித் துப்பச் சொன்னீங்களே அண்ணி. துப்புனேன். அதுல எச்சில் இருந்துச்சா? அதப் பாத்தீங்களா?"

 நாத்தனார் தட்டில் இருந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கி எனக்கும் தம்பி போன வேதன. அத இப்ப எதுக்கு…" என்று இழுத்துவிட்டு, "பாயாசத்துல இனிப்பு கம்மியா இருக்கு" என்றார்.

"அத்த, பாயாசம் இருக்கட்டும்" என்றாள் ரேவதி. "அம்மா அழலன்னு நீங்க சொன்னீங்க. நானும் நம்புனேன். ரெண்டு பேருமே தப்பு. அம்மா அழுதாங்க."

எனக்கு வேண்டிய வார்த்தை அதுதான். கிடைத்துவிட்டது. ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, கொஞ்சம். கோபம் போகவில்லை. மகளிடம் இப்போது பேசுகிறேன், சிரிக்கிறேன், ஞாயிறு மாலை வரை இருக்கிறாள். ஆனால் அவள் அன்று என் கையைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. நோய் வந்தவர்கள் எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. உங்களுக்கும் வராவிட்டால் பயப்படாதீர்கள்.

பிஸ்கட் ஒட்டிய அன்றே ஒரு டார்ச் என் வாய்க்குள் அடிக்கப்பட்டிருந்தால், கட்டிலில் கிடந்து அவர் கோவமா என்று கேட்டபோது என் நாக்கில் ஒரு முட்டை வந்திருக்கும். அந்த ஒன்றை எந்த மாத்திரையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் நாள் இப்போது கடிகார மணிப்படி ஓடுவதில்லை. மூன்று மாத்திரை, மூன்று ஈரம். ஈரம் இருக்கும்போது சாப்பிடுகிறேன், போனில் பேசுகிறேன். வற்றியதும் வாயை மூடிக்கொண்டு அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்கிறேன். முன்பு வாய் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு கவளமும் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று தெரிகிறது. இந்த உடம்பு எனக்குப் பழகிய வீடு இல்லை. எது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் நடமாடுகிறேன்.

போன வாரம் சாயங்காலம், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்கட்டில் துணி எடுக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் முன்பு ரப்பர் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. நாக்குக்கு அடியில் ஈரம் சேர்ந்திருந்தது. நாக்கு நுனியை மடித்தேன். முதல் தடவை நுரை. இரண்டாம் தடவை நூலாக இழுத்து அறுந்தது. மூன்றாம் தடவை வந்தது. பச்சைப் பட்டாணி அளவுகூட இல்லை. பறக்கவில்லை. நாக்கு நுனியிலேயே நின்றது. அதில் வானம் சின்னதாகத் தெரிந்திருக்கும். எனக்கு அங்கே பார்வை எட்டாது.

மூச்சு விடாமல் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். உடைந்தது.

முன்பெல்லாம் கோவமா புள்ள என்று அவர் கேட்டால் முட்டை விட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். அன்று பேசினேன். துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"ஆமாங்க, கோவம்தான். ஒங்க மேல இல்ல."